அமெரிக்க டயர், ஐரோப்பிய மோட்டார், தேரி மணல்

மின் சைக்கிள் கடைக்குள் நுழைகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். பாட்டரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பதில்லை. நேராகப் போய்க் கட்டைவிரலால் டயரை அழுத்துகிறார்கள். நான்கு அங்குல அகலம். ஏறக்குறைய புல்லட் முன்சக்கரத்தின் டயர் அளவு. ‘ஃபேட் டயர்’ என்று பெயர். “மணலு, மலை, மண்ரோடு எதுவானாலும் போகும் சார். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம்” என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது. 30,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய்க்குள் இப்படி ஒரு வண்டி கிடைக்கிறது என்றால் யாருக்கும் ஆசை வரும்.

இந்த வண்டி மோசம் என்று சொல்ல வரவில்லை. இந்த விலையில், நம் சட்டம் அனுமதிக்கிற மோட்டாரோடு சேரும்போது, அந்த டயர் பெரும்பாலானவர்களுக்குச் சுமை என்கிறேன். சிலருக்கு மட்டும் அது உண்மையிலேயே வரம். அந்தச் சிலர் யார் என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

தடித்த டயர் பனிப்பிரதேசத்துப் பிள்ளை. 1980களில் அலாஸ்காவின் பனிப்பாதைகளில் சைக்கிள் பந்தயம் போனவர்கள், சாதாரண டயர் பனியில் புதைவதைப் பார்த்து, இரண்டு ரிம்களை ஒன்றாகப் பற்றவைத்து அகலமாக்கினார்கள். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலை மணலில் வேறு சிலரும் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். 2005இல் மினசோட்டாவின் சர்லி நிறுவனம் ‘பக்ஸ்லி’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்த பிறகுதான் இது கடையில் வாங்கக்கூடிய பொருளானது. பத்தாண்டு கழித்து சியாட்டிலின் ராட் பவர் பைக்ஸ் இதில் மோட்டாரைப் பொருத்தி ‘ராட்ரோவர்’ என்று விற்றது. 2019இல் அரிசோனாவின் லெக்ட்ரிக் நிறுவனம், மடக்கி காரில் வைக்கிற மாதிரி ஒன்றை ஆயிரம் டாலருக்குள் கொண்டுவந்தது. மலிவான தடித்த டயர் மின் சைக்கிள் என்ற சந்தை உருவானது இப்படித்தான்.

இதில் ஒரு விஷயம் நம் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, 750 வாட்டுக்குக் குறைவான மோட்டாரும், மோட்டாரால் மட்டும் ஓடும்போது மணிக்கு 32 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமும் இருந்தால் அது சைக்கிள்தான். ஏறக்குறைய ஒரு முழுக் குதிரைத்திறன். ஐரோப்பாவில் 250 வாட், 25 கிலோமீட்டர். அங்கே மின் சைக்கிள் என்றால் ஒல்லியான, பெடல் மிதிக்கிற வண்டி. இந்தியா ஐரோப்பாவின் எண்களை எடுத்துக்கொண்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் அரைமணி நேரத் திறன் 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால்தான் பதிவு, ஓட்டுநர் உரிமம் எதுவும் இல்லாமல் ஓட்டலாம். ஆக, நம் கடையில் நிற்பது 750 வாட்டை மனதில் வைத்து வளர்ந்த அமெரிக்க டயர். அதை உருட்ட வேண்டியது 250 வாட் ஐரோப்பிய மோட்டார். இந்தப் பொருந்தாத் திருமணத்தின் பலன்களைத்தான் வாங்கியவர் அனுபவிக்கிறார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் பக்கத்தில் இருக்கிற குதிரைமொழித் தேரியின் ஓரத்துப் பாதையில் நண்பரின் வண்டி ஒன்றை ஓட்டினேன். தேரி என்றால் செம்மணல் மேடு. சாதாரண சைக்கிளை அங்கே யாரும் ஓட்டுவதில்லை, தள்ளிக்கொண்டு போவார்கள். அதுவும் மூச்சு வாங்கும். முதல் முயற்சியில் இதுவும் புதைந்தது. பஞ்சர் கடையில் கம்ப்ரசர் வைத்து டயரைக் கல்லு மாதிரி அடைத்திருந்தார்கள். காற்றை இறக்கி, டயரை விரலால் அழுத்தினால் குழி விழுகிற அளவுக்குத் தளர்த்திய பிறகு, அதே மணலில் அதே வண்டி மிதந்து போனது. அந்த ஆனந்தத்தை மறுக்க மாட்டேன்.

காரணம் எளிய கணக்கு. டயருக்குள் இருக்கிற காற்றழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தத்தைத்தான் டயர் தரையின் மேல் கொடுக்கும். பின்சக்கரம் 60 கிலோ தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பிஎஸ்ஐ காற்று இருந்தால் டயர் தரையைத் தொடுகிற இடம் 14 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டி அளவுகூட வராது. 10 பிஎஸ்ஐக்கு இறக்கினால் 85 சதுர சென்டிமீட்டர். விரல்களை விட்டுவிட்டால் ஓர் உள்ளங்கை. மணலில் புதையாமல் காப்பாற்றுவது அகலம் அல்ல, குறைந்த காற்று. அவ்வளவு குறைந்த காற்றிலும் ரிம் தரையில் இடிக்காமல் இருப்பதற்குத்தான் அகலம். காற்றைக் குறைக்காமல் தடித்த டயர் ஓட்டுகிறவர் அதன் எடையை மட்டுமே சுமக்கிறார்.

தேரியைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்தால் கதை மாறுகிறது. 10 பிஎஸ்ஐயில் தார்ச்சாலையில் ஓட்டினால் வண்டி யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல் நகரும். திருப்பத்தில் ஹேண்டில் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். திரும்பவும் 20, 25 பிஎஸ்ஐக்கு ஏற்ற வேண்டும். இந்த டயருக்குள் போகிற காற்றின் அளவு பெரிது, கைப்பம்பில் அடித்துப் பாருங்கள், தோள்பட்டை சொல்லும். வண்டியோடு ஒரு காற்று அளவுமானியும் சின்ன பாட்டரிப் பம்பும் கொடுக்கிற கடையை நான் பார்க்கவில்லை. முன்பக்கத்தில் பெயருக்கு ஒரு சஸ்பென்ஷன் ஃபோர்க் மட்டும் தவறாமல் இருக்கிறது. இந்த விலை வண்டிகளில் அது பெரும்பாலும் உள்ளே வெறும் ஸ்பிரிங் வைத்த இரும்பு. எடையைக் கூட்டுகிற அளவுக்கு அதிர்வைக் குறைப்பதில்லை.

தோராயமாக ஒரு கணக்கு. ஓட்டுபவரும் வண்டியும் சேர்த்து 100 கிலோ. நல்ல தார்ச்சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் போக, காற்று நிரம்பிய ஒல்லி டயரை உருட்ட மட்டும் 40 வாட் போதும். தளர்ந்த தடித்த டயருக்கு 80 வாட்டைத் தாண்டும். காற்றின் எதிர்ப்புக்கான 60 வாட் தனி. 750 வாட் மோட்டார் உள்ளவனுக்கு இந்த 40 வாட் வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. 250 வாட்காரனுக்கு ஆறில் ஒரு பங்கு டயரோடு போயிற்று. ஏற்றத்துக்கு வாருங்கள்: 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறுகிற சாலையில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏற, 100 கிலோவை மேலே தூக்குவதற்கு மட்டுமே 220 வாட் தேவை. டயரை உருட்ட மிச்சம் இருப்பது உங்கள் கால்கள்தான். இதனால்தான் கொல்லிமலை, கோத்தகிரி என்று விளம்பரத்தில் காட்டுகிற இடங்களில் இந்த வண்டிகள் நடைவேகத்துக்கு இறங்கிவிடுகின்றன.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். 250 வாட் என்பது தொடர்ந்து அரைமணி நேரம் தாங்கும் திறன். கண நேரத்துக்கு மோட்டார் அதைவிட அதிகம் தரும். எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது, பாட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிற கன்ட்ரோலரின் ஆம்பியர். 36 வோல்ட் பாட்டரியும் 15 ஆம்பியர் கன்ட்ரோலரும் இருந்தால் சிறிது நேரத்துக்கு 540 வாட் மின்சாரம் உள்ளே போகும். 10 ஆம்பியர் என்றால் 360 வாட்டோடு சரி. இரண்டு வண்டிகளிலும் ‘250 வாட்’ என்றே எழுதியிருக்கும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, மோட்டார் எத்தனை வாட் என்பதல்ல, கன்ட்ரோலர் எத்தனை ஆம்பியர் என்பது. பதில் தெரியாமல் விழிக்கிற கடையில் வாங்காதீர்கள். ஆம்பியர் இருக்கிறது என்பதற்காக மணலில் பெடல் மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் முறுக்கிக்கொண்டே போனாலும் ஆபத்துதான். சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது, அதன் நடுவே இருக்கிற ஹப் மோட்டாருக்குள் போகிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகிறது. உள்ளே இருக்கும் நைலான் பற்சக்கரங்கள் அதற்குப் பலியாகும். ‘இறக்கத்தில் சார்ஜ் ஏறும்’ என்றும் சில இடங்களில் சொல்கிறார்கள். பற்சக்கரம் உள்ள ஹப் மோட்டார்களில் ஒருவழி கிளட்ச் இருப்பதால் இறக்கத்தில் மோட்டார் சுற்றுவதே இல்லை. பிறகு சார்ஜ் எங்கிருந்து ஏறும்?

நம் ஊரில் பலவகை நிலத்தில் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சாகசப் பிரியர்கள் அல்ல. தூத்துக்குடி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்கிற மாநிலம் தமிழ்நாடு. இந்த மாவட்டத்தில் உப்பளத்துக்கு விடியும் முன்னே சைக்கிளில் போகிற ஆண்களும் பெண்களும் உண்டு. கொஞ்சம் தார், கொஞ்சம் மண், பிறகு பாத்திகளுக்கு நடுவே ஈர வரப்பு. உப்புக்காற்றில் ஸ்போக்ஸ் கம்பியின் முனை, ரிம் அலுமினியத்தோடு சேருகிற இடத்தில் அரிக்கும். மோட்டார் வயர் சேருகிற கனெக்டரில் பச்சை பூக்கும். இந்த வண்டிகளின் நீர்க்காப்பு பெரும்பாலும் தெறிக்கிற தண்ணீருக்குத்தான். அச்சு முழுகுகிற வாய்க்காலில் இறக்கினால் வயர் நுழைகிற துளை வழியாக மோட்டாருக்குள் தண்ணீர் போகும். வடமேற்கே கோவில்பட்டிப் பக்கம் கரிசல். காய்ந்தால் எந்த டயரும் போகும். நனைந்தால் எந்த டயரும் போகாது. அதிலும் தடித்த டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கரிசல் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவே மறுக்கும். அகலமான டயர் அகலமாக அப்பிக்கொள்ளும், அவ்வளவே. மணலில் கைகொடுத்த அதே குணம் களிமண்ணில் காலை வாருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே முள். தென்மாவட்டங்களில் மண்பாதை என்றால் சீமைக்கருவேலம். டயர் இரண்டு பங்கு அகலம் என்றால் முள்ளைச் சந்திக்கிற வாய்ப்பும் அதற்கேற்பக் கூடும். ரப்பர் தடிமன் உங்களைக் காப்பாற்றுவதுமில்லை. பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள்? பின்சக்கரத்தில் மோட்டார். அதைக் கழற்ற வேண்டுமானால் வயரைப் பிரித்து, பெரிய ஸ்பானரில் நட்டைத் தளர்த்தி, வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தைப் பிரித்து ட்யூபை உருவி ஒட்டிவிடுவார்கள். ஒட்டு ஒட்டலாம், வால்வு அடியில் பிய்ந்துவிட்டால் புது ட்யூப் வேண்டும். 20-க்கு 4 அளவு ட்யூப் விளாத்திகுளத்திலோ சாயர்புரத்திலோ சைக்கிள் கடையில் தொங்குமா? பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தருகிற சைக்கிளின் ட்யூப் எந்த மூலையிலும் கிடைக்கும். இதற்கு ஆன்லைனில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மலிவு என்பதை வாங்கிய விலையில் மட்டும் அளக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். வண்டி வீட்டில் நிற்கிற நாளுக்கும் விலை உண்டு, அதுவும் தினக்கூலி வாங்குகிற வீட்டில்.

பாட்டரிக்கு வருவோம். ‘ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர்’ என்று அட்டையில் போட்டிருப்பதை மறந்துவிட்டு, வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 360 வாட்-அவர். ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். மின்கட்டணம் ஒரு டீக்குக்கூட வராது. அது மகிழ்ச்சி. ஆனால் தடித்த டயரில், த்ராட்டிலை முறுக்கிக்கொண்டு போனால் கிலோமீட்டருக்கு 15 வாட்-அவர் எளிதில் போகும். அப்படியானால் 24 கிலோமீட்டர். போய்வர 12, 12. அடுத்த ஆண்டு பாட்டரி கொஞ்சம் தேய்ந்திருக்கும், அப்போது இன்னும் குறையும். பாட்டரி தீர்ந்த இடத்தில் உங்கள் கையில் மிஞ்சுவது 25 முதல் 30 கிலோ எடையுள்ள ஒரு சைக்கிள். வாங்கும் முன் கடைக்காரரிடம் பாட்டரியை அணைக்கச் சொல்லி ஒரு கிலோமீட்டர் மிதித்துப் பாருங்கள். முகம் சுளிப்பார். பரவாயில்லை.

தீ விஷயத்தில் மட்டும் விலையைப் பார்க்கவே கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். நியூயார்க் நகரில் 2023இல் மட்டும் லித்தியம் பாட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து, பாதுகாப்புச் சான்று பெறாத மின் சைக்கிளை அந்நகரில் விற்கவே கூடாது என்று சட்டம் வந்தது. இங்கே, வேலூரில் நடந்தது போன்ற ஸ்கூட்டர் தீ விபத்துகளுக்குப் பிறகு, பதிவு பெறுகிற மின் வாகனங்களின் பாட்டரி விதிகள் இறுக்கப்பட்டன. பதிவே தேவைப்படாத சைக்கிளில் வாங்குகிறவர்தான் துருவிக் கேட்க வேண்டும்: செல் யாருடையது, சான்று எங்கே, சார்ஜர் இதே வண்டிக்குரியதா. பகலெல்லாம் வெயிலில் நின்ற வண்டியை வந்ததும் சார்ஜில் போடாதீர்கள்; சூடு தணியட்டும். வாசற்படிக்கு நேராக, வெளியேறும் வழியை மறித்துச் சார்ஜ் போடவே வேண்டாம்.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த விலையில் கேபிளால் இயங்கும் டிஸ்க்தான் வரும். அது போதும், கேபிளை அடிக்கடி இறுக்கினால். பிரேக்கைத் தொட்டவுடன் மோட்டார் நிற்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மோட்டாருக்கும் டயருக்கும் நடுவே இருக்கிற இந்தப் பொருத்தமின்மையைக் கடைக்காரர்கள் ஒரு வழியில் ‘சரிசெய்து’ தருகிறார்கள். திரையில் சில பொத்தான்களை அழுத்தி வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுவது. ‘40 போகும் சார், யாரும் கேட்க மாட்டாங்க.’ கேட்க மாட்டார்கள்தான், யார் மேலும் மோதாத வரைக்கும். 25 கிலோமீட்டரைத் தாண்டுகிற நொடியில் அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம். பதிவு இல்லை, காப்பீடு இல்லை. அடிபட்டவருக்கான இழப்பீடு முழுதும் ஓட்டியவர் தலையில் விழும். வாங்குகிறவர்களில் பலர் உரிமம் இல்லாத பிள்ளைகளுக்காக வாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நெதர்லாந்து இந்த இடத்தில் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கிறது. வேகம் கூட்டப்பட்ட தடித்த டயர் வண்டிகளில் பள்ளிச் சிறுவர்கள் பறப்பதைக் கண்டு, 2024 செப்டம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் இவற்றுக்கு ஹெல்மெட்டும் குறைந்தபட்ச வயதும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. துறை அமைச்சரோ, மற்ற மின் சைக்கிள்களிலிருந்து இதை மட்டும் சட்டத்தில் பிரித்து வரையறுப்பது கடினம் என்றார். உண்மைதான், டயர் அகலத்தை அளந்து எப்படிச் சட்டம் எழுதுவது? ஓட்டுகிற பையனைப் பிடிப்பதைவிட, வேகத்தைத் திறந்து விற்கிற கடையையும், திறக்க முடிகிற மாதிரித் தயாரிக்கிற நிறுவனத்தையும் பிடிப்பது எளிது. நம் போக்குவரத்துத் துறை அங்கிருந்து தொடங்கலாம்.

யார் வாங்கலாம்? அன்றாடப் பாதையில் பாதிக்குமேல் உண்மையான மணல் இருப்பவர்: கடற்கரைக் குப்பத்துக்காரர், தேரியை ஒட்டிப் பனைத்தொழில் செய்கிறவர், மணல் பாதை உள்ள ராமநாதபுரம் கடலோரத்துக்காரர். அவர்களுக்குத் தடித்த டயருக்கு மாற்றே இல்லை. ஊருக்குள் குண்டும் குழியும், வாய்க்கால் கரையும், கொஞ்சம் மண்பாதையும் என்றால் 2.1 முதல் 2.4 அங்குல டயர் உள்ள மின் சைக்கிள் போதும். எடை குறையும், அதே பாட்டரி இன்னும் சில கிலோமீட்டர் கூடுதலாகத் தரும், ட்யூப் பக்கத்து டவுனில் கிடைக்கும். பார்வைக்குக் கம்பீரமாக இருக்காது என்பது ஒன்றுதான் குறை. மலைக்காரர்கள் இந்த விலை வண்டி எதையும் இரண்டு தடவை யோசித்து வாங்கட்டும்.

அரசு செய்யக்கூடியதும் உண்டு. 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாயில் தொடங்கிய மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் மின் ஸ்கூட்டருக்கு மானியம் வைத்தார்கள், மின் சைக்கிளுக்கு வைக்கவில்லை. டெல்லி அரசு 2022இல் முதல் 10,000 மின் சைக்கிள்களுக்குத் தலா 5,500 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. அதுபோன்ற முயற்சி தேவை. ஆனால் அதற்கு முன், செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. விற்கப்படும் ஒவ்வொரு மின் சைக்கிளின் சட்டகத்திலும் வாட்-அவர், எடை, பெடல் மிதிக்காமல் 75 கிலோ ஆளோடு எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்று எண்களைத் தமிழில் ஒட்டச் சொல்ல வேண்டும். மானியம் தருவதாக இருந்தால், உப்பளத்துக்கும் தேரிக்கும் தினம் போய்வருகிறவர்களில் தொடங்கி, அந்த ஊர்ப் பஞ்சர் கடைகளுக்கு ட்யூபும் ஹப் மோட்டார் கழற்றுகிற பயிற்சியும் சேர்த்தே தரலாம். கடற்கரை விடுதிகளில் மணிக்கணக்கு வாடகைக்கு ஓடுகிற வண்டிகளுக்கு அந்தப் பணம் போக வேண்டியதில்லை.